பதிவேட்டின் மூன்றாவது கட்டம்

சித்தூர்,
14 பிப்ரவரி 2025

அன்புள்ள கேசியாவுக்கு,

எல்லாரும் சுகம் என்று எழுதித்தான் தொடங்க வேண்டும். இன்றைக்கு அப்படி எழுதக் கை வரவில்லை. மூன்று நாளாகப் போன் போடுகிறேன், நீ எடுப்பதில்லை. சரி, போனைத்தானே எடுக்கமாட்டாய், தபால்காரர் கையில் கொடுத்தால் வாங்கித்தானே ஆகவேண்டும் என்று எழுத உட்கார்ந்தேன்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஸ்வீட்டி பெட்டி படுக்கையோடு வாசலில் வந்து நின்றாள். விசாரணை முடியும்வரை கல்லூரிப் பக்கம் வரக்கூடாதாம். ஏன் என்று கேட்டால் அழுகிறாள். அழுது முடித்துச் சொன்னாள். விசாரணைக் குழுவுக்கு முன்னால் நீ எழுந்து, ஸ்வீட்டி ஆட்டோகிளேவில் மூன்றாவது பயிற்சியை முடிக்கவில்லை என்று சொன்னாயாமே? "என் மூஞ்சியப் பாத்துக்கினே சொன்னாங்கம்மா. சித்தியே குடுத்துட்டு சித்தியே புடுங்கிக்கினாங்க" என்கிறாள் பிள்ளை. இன்னும் என்னென்னவோ சொன்னாள். அதையெல்லாம் எழுத மாட்டேன்.

ஆட்டோகிளேவ், ஆட்டோகிளேவ் என்று பெரிதாகப் பேசுகிறீர்கள். நீராவியில் புட்டிகளை வேகவைத்துக் கிருமியைக் கொல்கிற ஆளுயரக் குக்கர்தானே அது? முப்பது வருஷமாக நான் குக்கர் வைக்கிறேன். எனக்கு யார் வகுப்பெடுத்தார்கள், யார் பரீட்சை வைத்தார்கள்?

தரணி என்கிற அந்தப் பெண்ணுக்குக் கழுத்திலும் கையிலும் வெந்துபோனது என்று கேட்டதிலிருந்து எனக்கும் சோறு இறங்கவில்லை. தினமும் ஜெபத்தில் அவள் பெயரைச் சொல்கிறேன். ஆனால் புட்டி வெடித்ததற்கு என் பிள்ளை என்ன செய்வாள்? அவள் பயிற்சி முடித்தவள். ஆய்வுக்கூடப் பயிற்சிப் பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே மூன்று கட்டமும் நிரம்பியிருக்கிறது. பக்கத்தின் அடியில், பொறுப்பாளர் என்ற இடத்தில் உன் கையெழுத்து இருக்கிறது. எழுத்தில் இருப்பதை விட்டுவிட்டு வாயால் வேறு சொல்லியிருக்கிறாய். உன் வேலையைக் காப்பாற்றிக்கொள்ள அக்கா பிள்ளையைக் காட்டிக்கொடுத்தாய் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. வேறு எப்படி நினைக்கச் சொல்கிறாய்?

மார்ச் பத்தாம் தேதி முழு விசாரணை என்றாள். அதற்குள் நீ போய், நினைவு தப்பிச் சொல்லிவிட்டேன், பதிவேட்டில் உள்ளதுதான் சரி என்று எழுதிக் கொடுத்துவிடு. இது எம்.எஸ்ஸி கடைசி வருஷம், கேசியா. அம்மா போனபோது உனக்கு ஒன்பது வயசு. அன்றிலிருந்து நான் உன்னிடம் எதுவும் கேட்டதில்லை. இதைக் கேட்கிறேன்.

உன் அக்கா,
ஜெபமணி


திருப்பதி,
18 பிப்ரவரி 2025

அக்காவுக்கு,

கடிதம் வந்தது. அத்தானுக்கும் காட்டிவிட்டுத்தான் அனுப்பினீர்களா என்று தெரியவில்லை. காட்டியிருக்கமாட்டீர்கள்.

பதிவேட்டில் என்ன இருக்கிறது என்று உங்களுக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கப்போவதில்லை. ஏழு வருஷமாக அதை எழுதுவதே நீங்கள்தான்.

என் எழுத்தைப் பார்த்துத் தணிக்கைக்கு வந்தவர் எல்லார் முன்னாலும் சிரித்த கதையை உங்களிடம்தான் வந்து சொன்னேன். "குடுடி, நான் எழுதித் தரேன்" என்றீர்கள். எட்டாம் வகுப்போடு நிறுத்தியவர், ஒவ்வொரு இங்கிலீஷ் சொல்லையும் கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொண்டு எழுதினீர்கள். அன்றிலிருந்து மாதக் கடைசியில் அந்தப் பெரிய புத்தகத்தை நான் பையில் வைத்துப் பஸ்ஸில் கொண்டுவருவேன். என் டைரியில் கிறுக்கி வைத்திருப்பதைப் பார்த்து ஞாயிற்றுக்கிழமை கோயில் விட்டு வந்ததும் நீங்கள் அதில் எழுதுவீர்கள். பெயர், எழுத்துப் பரீட்சை, முதல் முறை, இரண்டாம் முறை, மூன்றாம் முறை. அடியில் என் கையெழுத்துக்கு நான் வரும்போது எனக்குத் தெரிவதெல்லாம் பக்கம் எவ்வளவு அழகாக இருக்கிறது என்பதுதான். படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன். அது என் தப்பு. அதை நான் ஒத்துக்கொள்கிறேன்.

இனி அந்த மூன்றாவது கட்டத்துக்கு வருகிறேன். மூன்றாம் முறைப் பயிற்சி நவம்பர் பதினாறு, சனிக்கிழமை. என் டைரியில் நாலு பேருக்கு 'முடிந்தது' என்று இருக்கிறது. ஸ்வீட்டி பெயருக்கு எதிரே 'வரவில்லை, டிசம்பரில்' என்று இருக்கிறது. எப்படி வருவாள்? அன்றைக்கு அவள் சித்தூரில் நம் சபை அறுப்பின் பண்டிகைக் காணிக்கை ஏலத்தில் பூசணிக்காயைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தாள். போட்டோவை எனக்கு அனுப்பியதே நீங்கள்தான்.

பதிவேட்டில் ஐந்து பேருக்கும் 16.11 என்று இருக்கிறது. அதைப் பார்த்துத்தான் ஆபீசில் சுரேஷ்பாபு அவளுக்கு அறையின் சாவிக்கார்டைத் திறந்து கொடுத்திருக்கிறார். டிசம்பரில் வா என்று நான் கூப்பிட்டபோது, வேலை இருக்கிறது, அப்புறம் வருகிறேன் என்று தட்டிக் கழித்தாள். கார்டு இல்லாமல் எங்கே போய்விடுவாள் என்று நானும் விட்டுவிட்டேன். கையில் கார்டு இருந்தது எனக்குத் தெரியாது.

குக்கர் என்று எழுதியிருக்கிறீர்கள். குக்கருக்குள் நீங்கள் மூடி திருகிய புட்டியை வைப்பதில்லை. முதல் முறை வெறும் பாத்திரம், இரண்டாம் முறை கழிவு, மூன்றாம் முறைதான் திரவம். அந்த மூன்றாம் முறை எதற்கு என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. புத்தகத்தின் முதல் பக்கத்தில் விதிகளை வருஷா வருஷம் எழுதுகிறவர் நீங்கள்.

ஒரே ஒரு கேள்வி. ஸ்வீட்டி பெயருக்கு எதிரே அந்தக் கட்டத்தை யார் நிரப்பியது?

கேசியா


சித்தூர்,
21 பிப்ரவரி 2025

கேசியா,

என்றைக்கும் இல்லாமல் நீங்கள், நீங்கள் என்று எழுதியிருக்கிறாய். மரியாதை எனக்குப் புரிந்தது.

நான் உன் டைரியில் இருந்ததைத்தான் எழுதினேன். எனக்கு அவ்வளவுதான் தெரியும். எழுதி முடித்த பிறகு டைரியில் யார் என்ன சேர்த்தார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? டைரி உன் கையில் இருக்கிறது. பேனாவும் உன் கையில் இருக்கிறது. விபத்து நடந்த பிறகு எல்லாருக்கும் பயம் வரும். பயத்தில் மனுஷர் என்னவும் செய்வார்கள்.

நீயே அவளுக்காக இரக்கப்பட்டு அந்தக் கட்டத்தை நிரப்பிவிட்டாய் என்றுதான் ஸ்வீட்டி இத்தனை நாள் நினைத்திருக்கிறாள். நானும் அப்படியே நினைத்துவிட்டுப் போகிறேன். அதில் என்ன குறைந்துவிடப்போகிறது? சித்தி செய்யக்கூடாத உதவியா?

இன்னொன்றும் சொல்கிறேன். கோபித்துக்கொள்ளாதே. பதிவேட்டை அறையைவிட்டு வெளியே கொண்டுபோகக் கூடாது என்பது உங்கள் முதல் விதி. ஏழு தடவை எழுதியவள், எனக்குத் தெரியாதா? அது மாதா மாதம் என் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் இருந்தது. நாளைக்கு யாராவது வந்து என்னைக் கேட்டால் நான் பொய் சொல்லமாட்டேன். நிரந்தர வேலை ஜூனில் வரும் என்று பதினோரு வருஷமாகக் காத்திருக்கிறாய். யோசித்துக்கொள்.

சபைப் போதகர் ஆசிர் ஐயரிடம் பேசினேன். குடும்பத்துக்குள் சமாதானம் முக்கியம் என்றார். என்ன விஷயம் என்று நான் அவரிடம் சொல்லவில்லை.

ஜெபமணி


திருப்பதி,
26 பிப்ரவரி 2025

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை நீ எழுதியதுதானா என்று பார்க்க. இரண்டாம் தடவை, நீதான் என்று தெரிந்த பிறகு. நீங்கள் என்று எழுதுவதை விட்டுவிட்டேன். அது மரியாதை இல்லை, அக்கா. பயம். இந்தக் கடிதத்தைப் படித்ததும் அந்தப் பயம் போய்விட்டது.

நேற்று ஆஸ்பத்திரிக்குப் போனேன். தரணியின் கழுத்துக் கட்டைப் பிரித்திருக்கிறார்கள். வலது கைக் கட்டு இன்னும் இருக்கிறது. விரலை மடக்க முடியவில்லை. அவள் அம்மா செங்கம்மா விஜயபுரத்திலிருந்து வந்து இருபது நாளாக அந்த வார்டிலேயே இருக்கிறாள். வேர்க்கடலை பிடுங்குகிற சமயம். வேலையைப் போட்டுவிட்டு வந்திருக்கிறாள். என்னைப் பார்த்ததும் திட்டுவாள் என்று நினைத்தேன். நாற்காலியை இழுத்துப் போட்டாள். "அந்த மிஷினு எப்ப தொறக்கணும்னு சொல்லிக் குடுக்க ஆங்க ஆளே இல்லியாம்மா?" என்று மட்டும் கேட்டாள். இருக்கிறாள், அது நான்தான் என்று எப்படிச் சொல்வது?

என்ன நடந்தது என்று தரணியே சொன்னாள். ஸ்வீட்டியும் அவளும் பத்துப் புட்டி மீடியாவை, கிருமி வளர்க்கிற திரவத்தை, உள்ளே வைத்திருக்கிறார்கள். மூடிகளைத் தளர்த்தவில்லை. அழுத்தம் காட்டுகிற முள் பூஜ்யத்துக்கு வந்ததும் ஸ்வீட்டி, தொற, எடு என்றிருக்கிறாள். உள்ளே புட்டிகள் இன்னும் கொதித்துக்கொண்டிருக்கும், அரைமணி நேரம் அப்படியே விட வேண்டும் என்று அவளுக்குத் தெரியாது. அதைச் சொல்லிக்கொடுத்த நாளில்தான் அவள் இல்லையே. தரணி எடுத்த இரண்டாவது புட்டி அவள் கையிலேயே வெடித்தது.

நான் தரணியைக் கேட்டேன், முதல் வருஷத்துப் பெண், ஏன் உடனே கை வைத்தாய் என்று. அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "பயிற்சி முடிச்சவங்க கூட இருந்தாதான் மிஷினாண்ட போகணும்னு நீங்கதான சொன்னீங்க மேடம்? புக்க எடுத்துப் பாத்தேன். ஸ்வீட்டி அக்காவுக்கு மூணு கட்டமும் ரொம்பி இருந்துது. அதான் அவங்க தொறன்னதும் தொறந்தேன்."

புத்தகத்தைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறாள், அக்கா. விதியை மீறியவர்கள் நாம் மூன்று பேர். அதன்படி நடந்தவள் கையில் கட்டோடு படுத்திருக்கிறாள்.

பத்தாம் தேதி நான் என்ன சொல்லப்போகிறேன் என்று உனக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பதிவேட்டை வெளியே கொண்டுபோனேன் என்று சொல்வேன். படிக்காமல் கையெழுத்துப் போட்டேன் என்று சொல்வேன். ஸ்வீட்டி மூன்றாம் முறை வரவில்லை என்று மறுபடியும் சொல்வேன். எழுதியது யார் என்று கேட்பார்கள். நான்தான் என்பேன். பொய்ப் பதிவு போட்டவள் என்று என் பெயரில் எழுதுவார்கள். இந்த வேலை போகும், இனி எந்தக் கல்லூரியிலும் ஆய்வுக்கூடத்துக்குள் விடமாட்டார்கள். உன்னைக் காப்பாற்றுவதற்காக இல்லை. எங்க அக்கா செய்தது என்று என் வாயால் சொல்லிப் பார்த்தேன். கண்ணாடி முன்னால் நின்றே சொல்லிப் பார்த்தேன். வரவில்லை.

கேசியா


சித்தூர்,
4 மார்ச் 2025

கேசியா,

போன ஞாயிறு முதல் ஞாயிறு, நற்கருணை. எல்லாரும் எழுந்து போனார்கள். நான் பெஞ்சைவிட்டு எழுந்திருக்கவில்லை. உங்கள் அத்தான் போகும்போது திரும்பிப் பார்த்தார். முட்டி வலி என்று கண்ணாலேயே காட்டினேன். கோயிலுக்குள்ளேயும் ஒரு பொய். முப்பத்தெட்டு வருஷத்தில் நான் உட்கார்ந்திருந்தது அன்றைக்குத்தான்.

நான்தான் எழுதினேன்.

நவம்பர் கடைசி ஞாயிறு. நீ தலைவலி என்று உள்ளே படுத்திருந்தாய். நான் டைரியைப் பார்த்துப் புத்தகத்தில் எழுதிக்கொண்டு வந்தேன். ஸ்வீட்டியின் வரி வந்தது. 'வரவில்லை' என்று நீ எழுதியிருந்ததைத் தெளிவாகப் படித்தேன். உன் கிறுக்கல் எனக்கு அச்சடித்த எழுத்து மாதிரி. மேலே நாலு பேருக்கு மூன்றாவது கட்டம் நிரம்பியிருந்தது. என் பிள்ளைக்கு மட்டும் காலியாக இருந்தது. அவள் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. எல்லாருக்கும் இந்த வாரம் கார்டு கிடைத்துவிடும், எனக்கு மட்டும் டிசம்பர் ஆகும், ப்ராஜெக்ட் பின்தங்கிப் போகும் என்று காலையில் தோசை தின்றுகொண்டே பொதுவாகச் சொன்னாள். அவ்வளவுதான். ஏலத்துக்கு வா என்று கட்டாயப்படுத்திக் கூப்பிட்டவள் நான். அவள் வகுப்பு இருக்கிறது என்றுதான் சொன்னாள். கர்த்தருக்கு முன்னால் உன் குக்கர் வகுப்பு பெரிசா என்று கேட்டேன்.

ஆகவே என்னால் வந்த காலியிடம், நானே நிரப்பிவிட்டால் என்ன என்று தோன்றியது. பேனா தயங்கியதா என்று நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். தயங்கவில்லை. மற்ற நாலு வரியைவிட அந்த வரி அழகாகத்தான் வந்தது.

தெரியாமல் செய்தேன் என்று சொல்லமாட்டேன். மூடியைத் தளர்த்து, முள் இறங்கினாலும் கதவைத் திறக்காதே, அரைமணி பொறு, முகக்கவசம், நீளக் கையுறை என்று எல்லா வரியும் எனக்கு மனப்பாடம். என் பிள்ளைக்கு அதைச் சமையலறையில் நின்று நானே சொல்லியிருக்கலாம். சொன்னால் நான் செய்தது அவளுக்குத் தெரிந்துவிடும் என்று வாயை மூடிக்கொண்டேன்.

அதற்கு மேல் நீ டைரியைத் திருத்தினாய் என்று எழுதினேன். உன்னை மிரட்டினேன். தரணி சொன்னதை நீ எழுதியிருந்தாயே, புத்தகத்தைப் பார்த்தேன் என்று, அதைப் படித்த பிறகு எனக்கு ஜெபம் பண்ண வாய் வரவில்லை. நான் எழுதிய எழுத்தை அந்தப் பிள்ளை நம்பியிருக்கிறாள்.

இன்று காலை கல்லூரி முதல்வருக்கு எல்லாவற்றையும் எழுதி ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பிவிட்டேன். ரசீது என்னிடம் இருக்கிறது. பத்தாம் தேதி நானே வருகிறேன். நீ எழுதியதாகச் சொல்லாதே. சொன்னாலும் நான் எதிரில் நின்று மறுப்பேன்.

ஸ்வீட்டியிடம் இன்னும் சொல்லவில்லை. அவளுக்குப் பரீட்சை இருக்கிறது.

ஜெபமணி


திருப்பதி,
14 மார்ச் 2025

அக்கா,

உன்னிடம் சொல்வதற்கு விசாரணை அன்றைக்கு நேரம் இல்லை. பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிட்டாய். அதனால் எழுதுகிறேன்.

அந்த வராந்தா பெஞ்சில் நாம் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். நடுவில் உன் பையை வைத்திருந்தாய். அதை எடுத்துக் கீழே வைக்கலாமா என்று எனக்கு நாலைந்து தடவை தோன்றியது. வைக்கவில்லை. நீயும் வைக்கவில்லை.

உள்ளே உன்னை ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் காட்டச் சொன்னார்கள். நீ எழுதினாய். குழுவில் இருந்த அந்த வயசானவர் தாளையும் பதிவேட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, எவ்வளவு நல்ல எழுத்து என்று தெலுங்கில் மெதுவாகச் சொன்னார். நீ தலையைக் குனிந்தாய். இத்தனை வருஷத்தில் உன் எழுத்தை யாராவது பாராட்டி நீ தலை குனிந்து நான் பார்த்ததில்லை.

முடிவு செவ்வாய்க்கிழமை வந்தது. பொய்ப் பதிவு போட்டேன் என்ற பழி என்மேல் இல்லை. உன் கடிதத்தால்தான் அது. ஆனால் பதிவேட்டை ஏழு வருஷம் வெளியே கொண்டுபோயிருக்கிறேன், வெளியாள் ஒருவர் எழுதக் கொடுத்திருக்கிறேன். அதுவும் உன் கடிதத்தால்தான் எழுத்தில் ஏறியது. மார்ச் முப்பத்தொன்றோடு என் ஒப்பந்தம் முடிகிறது. புதுப்பிக்கமாட்டார்கள். ரூபா என்றொரு பெண்ணிடம் அறையை ஒப்படைத்துக்கொண்டிருக்கிறேன். நல்ல பெண். நேற்று எல்லாருக்கும் முதல் வகுப்பிலிருந்து தொடங்கினாள். தரணியின் ஆஸ்பத்திரிச் செலவைக் கல்லூரி ஏற்கிறது. விரல் முழுதாக மடங்குமா என்று இன்னும் சொல்ல முடியாதாம்.

நீ உண்மையைச் சொன்னாய். அதற்கு நான் நன்றி சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரிகிறது. இப்போதைக்கு முடியவில்லை.

இன்னொரு விஷயம். இதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். ஸ்வீட்டியைத் திரும்ப வரச் சொல்லிவிட்டார்கள். புதன்கிழமை வந்திருந்தாள். பழைய கார்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, திரும்பவும் முதலிலிருந்து பயிற்சி எடுப்பதாக எழுதிக் கொடுத்தாள். படிக்கட்டில் எதிரே வந்தேன். ஒதுங்கி நின்றாள். நான் தாண்டிப் போன பிறகு கூட இருந்தவளிடம் எனக்குக் கேட்கிற மாதிரி, "இவங்கதான். முன்னால சிரிச்சிக்கினே பின்னால குழி தோண்டுவாங்க" என்றாள்.

குழுவின் கடிதத்தில் 'பொறுப்பாளரின் விதிமீறல்' என்றுதான் இருக்கிறது. உன் பெயர் இல்லை. விசாரணை மூடிய கதவுக்குள் நடந்தது. ஆக, கட்டத்தை நிரப்பியது நான், காட்டிக்கொடுத்ததும் நான் என்றே அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். என் வேலை போனதற்காக நான் அழவில்லை, அக்கா. அந்தப் படிக்கட்டில் அழுதேன்.

நான் அவளிடம் சொல்லமாட்டேன். சொன்னாலும் நம்பமாட்டாள். நீ சொல். பரீட்சை முடியட்டும் என்று தள்ளாதே. இந்த மாதக் கடைசியில் நான் சித்தூர் வரவில்லை. அடுத்த மாதமும் வருவேனா தெரியாது.

கேசியா


சித்தூர்,
20 மார்ச் 2025

கேசியா,

நேற்று ஸ்வீட்டி வந்திருந்தாள். சாப்பாட்டு மேஜையில் எதிரே உட்காரவைத்துச் சொன்னேன். நவம்பர் கடைசி ஞாயிற்றிலிருந்து தொடங்கி, உனக்கு நான் எழுதிய அந்த மிரட்டல் கடிதம்வரைக்கும் சொன்னேன். எதையும் விடவில்லை. உங்கள் அத்தானையும் கூப்பிட்டு உட்காரவைத்துக்கொண்டேன். இரண்டு தடவை சொல்ல எனக்குத் தெம்பு இல்லை.

கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. பயிற்சி எடுக்காமலே கார்டை வாங்கிக்கொண்டது தன் தப்பு, அதற்கு உன்னையோ என்னையோ சொல்ல முடியாது என்றாள். காலையில் எழுந்து பஸ் ஏறிவிட்டாள். தரணியை விஜயபுரத்துக்கு அழைத்துப் போய்விட்டார்களாம். அங்கே போகிறேன் என்று அவள் அப்பாவிடம் சொன்னாள். என்னிடம் சொல்லவில்லை. உன்னிடமும் வருவாள் என்று நினைக்கிறேன். வந்தால் கதவைத் திற. அவளுக்காவது திற.

கிளம்புவதற்கு முன்னால் செருப்பு மாட்டிக்கொண்டே ஒன்று கேட்டாள். சரியாக ஒரு மாதம் இந்த வீட்டில் இருந்தாளே, உட்கார்ந்தால் எழுந்தால் உன்னைத் திட்டிக்கொண்டு? துரோகி என்றாள். குழந்தை குட்டி இல்லாதவள், பிறத்தியார் பிள்ளையின் அருமை அவளுக்கு எங்கே தெரியும் என்றுகூடச் சொன்னாள். நான் காய் நறுக்கிக்கொண்டு, துணி மடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு நாள் அவள் தலையைத் தடவி, விடு கண்ணு, ஆண்டவர் பார்த்துக்கொள்வார் என்றும் சொன்னேன்.

அதைத்தான் கேட்டாள். "சித்திய நான் அவ்ளோ பேசினேனே. நீ பக்கத்துலயே உக்காந்துக்கினு கேட்டுக்கினு இருந்தியேம்மா?"

நான் வாசலில் நின்றேன். அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள்.

ஜெபமணி